முதலாளி எழுதாத கவிதைகள்

பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் திறப்பு விழா. மூடியிருக்கும் எதையும் அப்படியே விட்டுவைக்க அவளால் முடியாது. அண்ணனுக்கு வந்த பார்சல், அப்பா அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்த பிஸ்கட் டப்பா, பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பை, எல்லாமே அவள் கை பட்டுத்தான் உரியவரிடம் போய்ச் சேரும். எதையும் எடுக்க மாட்டாள். சும்மா பார்ப்பாள், அவ்வளவுதான். பார்த்துவிட்டு, முன்பு இருந்ததைவிட ஒழுங்காக மடித்துக் கட்டி வைப்பாள். அந்த ஒழுங்குதான் அவளைக் காட்டிக்கொடுக்கும்.

கல்யாணம் ஆனபோது, புகுந்த வீட்டில் இந்தப் பெயர் தெரியவே கூடாது என்று அம்மா எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தாள். ஆனால் நாத்தனாருக்கு முதல் வாரமே சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணி, என் பெட்டியோட பூட்டு எப்பவும் சிக்கிக்கிட்டு உயிரை வாங்கும். இப்ப வெண்ணெய் மாதிரி திறக்குது. எண்ணெய் ஏதாவது போட்டீங்களா?"

"போட்டேன்" என்றாள் இவள், தயங்காமல்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த நட்பு அது.

இப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடம் ஓர் அச்சகம். ஒரு தையல் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே செருகி வைத்தது போன்ற குறுகலான கடை. முன்னால் இரண்டு கம்ப்யூட்டர், பின்னால் அச்சு இயந்திரம், நடுவில் உயரமான காகிதக் கட்டுகள். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், பேனர், 'நாய் ஜாக்கிரதை' பலகை என்று எதுவானாலும் செய்து கொடுப்பார்கள். வாடிக்கையாளர்கள் முன்பெல்லாம் கையில் காகிதத்தோடு வருவார்கள். மெயில் வந்த பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்ப ஆரம்பித்தார்கள். அதைத் திறந்து, பிழை பார்த்து, அடுக்கி, 'அச்சில் இப்படித்தான் வரும், பார்த்துச் சொல்லுங்கள்' என்று ப்ரூஃப் அனுப்பி வைப்பது அவள் வேலை. முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறப்பதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவளும் காலை வந்து செருப்பைக் கழற்றிய கையோடு சந்தோஷமாகத் திறக்க ஆரம்பித்துவிடுவாள்.

முதலாளி அதிகம் பேசாதவர். 'ம்' என்பதிலேயே நாலைந்து வகை வைத்திருந்தார். சரி என்பதற்கு ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று, வாடிக்கையாளர் போகட்டும் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு ஒன்று. அவளுக்கு எல்லாமே அத்துப்படி.

அந்தக் கடையில் உச்சரிக்கக் கூடாத பெயர் ஒன்று இருந்தது. மெத்தைக்கடைக்காரர். முதலாளியம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், முதலாளிக்கு மச்சான். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கடைக்கு ஒரு பெரிய பேனர் அடித்துக் கொடுத்தார்கள். 'எங்கள் மெத்தையில் நிம்மதியாக உறங்குங்கள்' என்று வர வேண்டியது. 'உ' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' விழுந்து, 'எங்கள் மெத்தையில் நிம்மதியாக இறங்குங்கள்' என்று வந்துவிட்டது. அடித்தது இவள்தான்; அதை யாரிடமும் மறைத்ததில்லை. பேனர் கடை வாசலில் ஏறிய பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். போகிற வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, அடுத்த பஸ் எப்போ வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மெத்தைக்கடைக்காரர் கொதித்துப்போய் ஒரு மெயில் எழுதினார். "ப்ரூஃப் அனுப்பினோம், பார்த்தாச்சுன்னு சொன்னார், அப்புறம் என்ன?" என்று முதலாளி பதிலே போடவில்லை. அதோடு போக்குவரத்து நின்றது. முதலாளியம்மா மட்டும் இரண்டு பக்கமும் முகம் பார்த்துப் பேச முடியாமல் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, பல் டாக்டரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கடைக்குப் பழைய வாடிக்கையாளர். ஆங்கிலத்தில் இரண்டே வரி: இணைத்திருப்பதைப் பாருங்கள், கொஞ்சம் அவசரம். கீழே ஒரு படம் போலத் தெரிந்த இணைப்பு. அதன் பெயர், படங்களின் பெயர் முடிவது போலவே முடிந்தது. முடிந்த பிறகு நீளமாக இடைவெளி விட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், இது படமே இல்லை என்று காட்டிக்கொடுக்கும் இன்னொரு வாலும் இருந்தது. யார் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கிறார்கள்?

தட்டினாள். மணல் கடிகாரம் ஒரு முறை புரண்டு படுத்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, திரும்பத் தட்டினாள். பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போய் அங்கே தட்டினாள். திறக்க மறுக்கும் பொருள் ஒன்றை அவள் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்தாள். அவமானமாக இருந்தது. லிப்ட் கம்பெனியில் புகார் கேட்கும் மேசையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்கு அதை அப்படியே அனுப்பி, 'உனக்குத் திறக்குதா பாரு' என்று எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"அம்மா, நீங்க அனுப்பின ஃபைல் திறக்க மாட்டேங்குது."

"நான் எதுவும் அனுப்பலையே சார்."

"போன வருஷம் கார்ல ஒட்ற ஸ்டிக்கர் பத்தி ஒரு மெயில் போட்டிருந்தேன்ல, அதுக்குப் பதில் வந்திருக்கு. இப்பவாவது வந்துச்சேன்னு சந்தோஷமா திறந்தேன்."

அவர் வைத்ததும் பூக்கடைக்காரம்மா. அந்தம்மா வைத்ததும் சவப்பெட்டி செய்கிறவர். எல்லோருக்கும், எப்போதோ எழுதின மெயிலுக்கு இன்றைக்குப் பதில் போயிருந்தது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். யாரும் தொடாமலேயே பக்கவாட்டில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

ரிப்பேர்காரரை அந்தத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். தோல் பையோடு வருவார், வந்ததும் "எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்பார். அன்றைக்கு அதைக்கூடக் கேட்கவில்லை. நேராகப் போய்ச் சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார்.

"வைரஸா டாக்டர்?" என்றாள்.

"வைரஸ் இல்லம்மா, புழு. வைரஸ் இன்னொண்ணு மேல ஒட்டிக்கிட்டுத்தான் போகும். இது சொந்தக் கால்லயே போகும். உங்க மெயில் பெட்டிக்குள்ள புகுந்து, பழைய மெயிலுக்கெல்லாம் நீங்களே பதில் போடற மாதிரி போட்டு, கூடவே தன்னையும் கட்டி அனுப்பிடும். பாவம், அந்தப் பல் டாக்டருக்கே தெரிஞ்சிருக்காது." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யார் திறந்தது?"

"நான்தான்."

"எத்தனை தடவை?"

"வரலையேன்னு கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தேன்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படிப் போச்சு?"

"அதுலயாவது திறக்குதான்னு பார்த்தேன்."

"வேற யாருக்காவது அனுப்பினீங்களா?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். "நாத்தனாருக்கு."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "புழு இவ்வளவு வேலை செஞ்சிருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தார்.

அதே சமயம் நாத்தனாரின் போன்.

"அண்ணி, என்னத்தை அனுப்பினீங்க?"

"உனக்குத் திறந்துச்சா?"

"எங்க ஆபீஸ் முழுக்கத் திறந்துச்சு. எந்தக் கட்டடத்துல யாரு லிப்ட்ல மாட்டியிருக்காங்கன்னுகூடத் தெரியாம எல்லாரும் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்திருக்கோம்."

"மேனேஜர் உன்னைத் திட்டினாரா?"

"அவர் என்னைவிட முன்னாடி திறந்துட்டாரு. அதனால வாயைத் திறக்கல."

நாத்தனார் தப்பித்தாள் என்று தெரிந்த பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் இங்கே பாதி வேலைகூட முடியவில்லை. மெயில் போன ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, திறக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். இதுவரை திறக்காதவர்களையாவது காப்பாற்றலாம். டாக்டர் சொல்ல, முதலாளி 'ம்' என்றார். அது 'சரி' வகை 'ம்'. கூடவே ஒரு பெருமூச்சும் வந்தது.

முதலில் கண்ணாடிக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க கடையிலேர்ந்து ஒரு மெயில் வந்திருக்கும். தயவுசெஞ்சு திறக்காதீங்க."

"மெயிலா? நான் பார்க்கலையே. என்ன இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்லக்கா, திறக்காம இருங்க போதும்."

"ஒண்ணுமில்லேன்னா எதுக்கு இவ்வளவு பதறுறே?" போனுக்குள் டக், டக் என்று சத்தம் கேட்டது. "ஒண்ணும் வரலையேடி."

அடுத்தவரும் அப்படித்தான். அதற்கடுத்தவர், சொல்லி முடிப்பதற்குள்ளேயே தட்டிவிட்டார். அவள் போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. திறக்காதே என்று சொல்லி ஒரு டப்பாவை அவள் கையில் கொடுத்தால் அவள் மட்டும் என்ன செய்வாள்? அப்புறம் வேறு மாதிரி யோசித்தாள். கையில் கொடுத்தாலும் திறக்கத் தோன்றாத பொருள் உலகத்தில் என்ன இருக்கிறது?

அவளுடைய ஒன்றுவிட்ட மாமா ஒருவர் கவிதை எழுதுவார். பக்கம் பக்கமாக எழுதிக் கோத்து, சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார். அதை மட்டும் அவள் ஒருநாளும் பிரித்ததில்லை.

அவள் எதிரே பார்த்தாள். முதலாளி அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, மையை விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்குக் கவிஞர் என்றால் நம்பத் தோன்றும் ஒரு சோகம் அந்த முகத்தில் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த எண்ணைச் சுற்றினாள்.

"சார், அச்சகத்திலேர்ந்து பேசறேன். எங்க முதலாளி கவிதை எழுத ஆரம்பிச்சிருக்கார். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் மெயில்ல அனுப்பியிருக்கார். கொஞ்சம் நீளமானதுதான்."

எதிர்முனையில் குரல் திடீரென்று மிகவும் மரியாதையாக மாறியது.

"அப்படியா. நல்ல விஷயம்மா. நிதானமா உட்கார்ந்து படிக்கணும். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லவே இல்ல சார். நேரமில்லேன்னா அப்படியே அழிச்சிடுங்க. அவர் தப்பா எடுத்துக்க மாட்டார்."

"சே, சே, அழிக்கறதா." கொஞ்சம் பொறுத்து, "படிச்சீங்களான்னு அவர் கேட்க மாட்டாரே?" என்றார்.

"கேட்கவே மாட்டார்."

"அப்ப சரிம்மா."

மின்னல் வேகத்தில் வேலை நடந்தது. ஒருவர்கூடத் திறக்கவில்லை. சிலர், மெயில் பெட்டியையே இன்னும் கொஞ்ச நாள் பார்க்கப் போவதில்லை என்றார்கள். மேசைக்கு அடியிலிருந்து டாக்டர் தலையை நீட்டி, "இத்தனை வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். ஒரே ஓர் எண்ணை மட்டும் அவள் சுற்றவில்லை. மெத்தைக்கடை. முதலாளி காதில் அந்தப் பெயர் விழுந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாளுக்குள் கவிதைச் செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது. சவப்பெட்டி செய்கிறவர் கார்டு வாங்க வந்தார். வந்தவர் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இத்தனை நாளா பழகறோம். உங்களுக்குள்ள இப்படி ஒருத்தர் இருக்கார்னு தெரியாமப் போச்சே."

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

பின்னாலேயே டிரைவிங் மாஸ்டர் வந்தார். அவர் ஏற்கெனவே புழுவைத் திறந்து, தன் கம்ப்யூட்டரை டாக்டரிடம் ஒப்படைத்திருந்தவர். கவிதைச் செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. தெரியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "ரெண்டாவது ரொம்ப உருக்கம் சார்" என்றார்.

"எது ரெண்டாவது?"

மாஸ்டர் திணறினார். "எல்லாமே உருக்கம்தான்" என்று சொல்லி, வந்த வேலையைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி மெதுவாக இவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா நடக்குது?"

சொன்னாள். எதையும் விடாமல், ஒன்றுவிட்ட மாமா உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் விரல் நகத்தில் இருந்த மையைச் சுரண்டினார்.

"அப்ப, கவிதைன்னு சொன்னதும் ஒருத்தர்கூடத் திறக்கல."

"இல்ல சார்."

"ஒருத்தர்கூட."

"நீங்க எழுதலையே சார்."

"எழுதலதான்" என்றார். "இருந்தாலும்." அதற்குப் பிறகு அவர் சொன்ன 'ம்' அவள் அதுவரை கேட்காத புது வகையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசல் இருட்டியது. குறுகலான கதவில் பக்கவாட்டாகத் திரும்பி ஒரு பெரிய உருவம் உள்ளே வந்தது. மெத்தைக்கடைக்காரர்.

இரண்டாவது நாளாக மேசைக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திருப்புளியோடு அப்படியே உறைந்துபோனார். முதலாளி எழுந்தார். எழுந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு காகிதக் கட்டை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

"மாப்பிள்ளை" என்றார் மெத்தைக்கடைக்காரர். குரல் கம்மியது. "நீங்க போட்ட பதில் வந்துச்சு."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "நான் அன்னிக்குக் கண்டபடி எழுதிட்டேன். அதுக்கு இவ்வளவு நாள் கழிச்சு நீங்க பதில் போட்டிருக்கீங்க. கூட ஏதோ இணைச்சிருக்கீங்க. அதைத் திறக்கணும்னு நேத்துலேர்ந்து தட்டறேன், என்னால முடியல. எப்படியும் அதுல மனசு விட்டுத்தான் எழுதியிருப்பீங்க. அதான், எழுதினதை நேர்லயே கேட்டுக்கலாம்னு வந்துட்டேன்."

இவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் இருந்தது. அந்தப் பெரிய மனிதர் வேர்த்து வழிய நின்ற விதம் அப்படி. ஆனால் நேற்றிலிருந்து தட்டுகிறார் என்றால் அவர் கடைக் கம்ப்யூட்டர் நேற்றிலிருந்து ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவள் எழுந்து நின்றாள்.

"சார், அதை எங்க சார் அனுப்பல. புழு அனுப்பிச்சுது."

"எந்தப் புழு?"

மேசைக்கு அடியிலிருந்து டாக்டர் வெளியே வந்து பொறுமையாக விளக்கினார். மெத்தைக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது.

"அப்ப மன்னிப்பு எதுவும் கேட்கலையா?"

டாக்டர் திருப்புளியைப் பைக்குள் போட்டார்.

"ஜென்மத்துல முதல் தடவையா ஒரு இணைப்பைத் தட்டியிருக்கேன் மாப்பிள்ளை. அதுவும் இப்படி ஆகணுமா?"

முதலாளி நிமிர்ந்தார். "முதல் தடவையாவா? அப்ப நாங்க அனுப்பின ப்ரூஃப்?"

மெத்தைக்கடைக்காரர் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டார். "அதை எப்படித் திறக்கறதுன்னு தெரியல. கடையில ஆளுங்க சுத்தி நின்னாங்க, கேட்க வெட்கமா இருந்துச்சு. பார்த்தாச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் பேனர் வந்ததும், நான்தான் தப்புன்னு தெரிஞ்சதாலதான் அவ்வளவு கத்தினேன்."

பின்னால் அச்சு இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி போய் அதை நிறுத்தினார். திரும்பி வந்து, அந்த வாரத்திலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"நீங்க பார்க்கலேன்னா என்ன மச்சான், 'இ' போட்டது எங்க கடைதானே. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். புழுவுக்கு இருந்த புத்திகூட எனக்கு இல்லாமப் போச்சு."

மெத்தைக்கடைக்காரர் முதலில் சிரித்தாரா, அழுதாரா என்பதில் டாக்டருக்கும் இவளுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. முதலாளி போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"உங்க அண்ணன் கடைக்கு வந்திருக்கார். மத்தியானம் நம்ம வீட்லதான் சாப்பாடு."

எதிர்முனையில் முதலாளியம்மாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "யாருக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர்ல புழு வந்துச்சு, அதான்."

"புழு வந்ததுக்கும் அண்ணன் வர்றதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அதைச் சொல்லி முடிக்க அவருக்குச் சாயங்காலம் ஆகிவிட்டதாம்.

அவர்கள் சாப்பிடப் போனதும் டாக்டரும் இவளும் மெத்தைக்கடைக்குப் போனார்கள். அவர் புழுவைத் துரத்த, இவள் பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, மெத்தைக்கடையிலிருந்து மெயில் போனவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் ஆள் எடுத்ததும், "மெத்தைக்கடை முதலாளி கவிதை எழுத ஆரம்பிச்சிருக்கார் சார்" என்றாள். டாக்டர் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அச்சகத்தில் ஒரு வழக்கம் வந்தது. எந்த இணைப்பு வந்தாலும், அனுப்பியவருக்குப் போன் செய்து, நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். டாக்டரின் கட்டளை. கேட்கும்போதே, ரொம்ப நாளாச்சே, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டதா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பேச்சு நீளும். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்களே முந்திக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார்கள்: "நான்தாம்மா அனுப்பறேன், தைரியமா திற." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்கும். கடைக்கு எப்போது அடித்தாலும் லைன் கிடைப்பதில்லை என்று முதலாளியம்மாவிடமிருந்து புகார் வந்தது. முதலாளி அதற்கும் ஒரு 'ம்' சொன்னார். வேலை பெருகிவிட்டதால், இன்னொரு போன் வாங்கி அவள் மேசையிலேயே வைத்தார்.